ஒரு சாண் திறந்தால் இறங்கும்

பழுதான பொருளைச் சரிசெய்கிறவர்கள் உண்டு. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குகிறவர்களும் உண்டு. இந்த இரண்டு கட்சியிலும் சேராமல், பழுதோடு சமாதானமாகக் குடித்தனம் நடத்தி, அதன் கோணல் புத்தியை எல்லாம் மனப்பாடம் செய்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைப் பற்றி வகுப்பெடுக்கிற மூன்றாவது கட்சி ஒன்று இருக்கிறது. அவர்களுக்குப் பக்குவக்காரர்கள் என்று பெயர் வைப்போம். "அது ஒண்ணுமில்ல, அதுக்கு ஒரு பக்குவம் இருக்கு" என்பதுதான் அவர்கள் கட்சியின் கொள்கை, கோஷம், தேர்தல் அறிக்கை எல்லாம்.

பக்குவக்காரர் வீட்டை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். அழைப்பு மணியை அழுத்துவீர்கள், அடிக்காது. உள்ளேயிருந்து குரல் வரும்: "நடுவுல அழுத்தாதீங்க, இடது ஓரமா நகத்தால அழுத்துங்க!" உங்களைப் பார்த்துவிட்ட பிறகும் கதவைத் திறக்க மாட்டார். நீங்கள் ஓரமாக அழுத்தி, மணி அடித்து, அதைக் கேட்டு அவர் முகம் மலர்ந்த பிறகுதான் திறப்பார். கை கழுவப் போனால் குழாயை முழுக்கத் திருகி, அரைச் சுற்று பின்னால் வந்து, ஒரு தட்டுத் தட்ட வேண்டும். ஃபிரிட்ஜ் கதவை முழங்காலால் மூட வேண்டும். இவ்வளவையும் அவர் சலிப்போடு சொல்வார் என்றா நினைக்கிறீர்கள்? பெற்ற பிள்ளையின் குறும்பைச் சொல்கிற பூரிப்போடு சொல்வார்.

நாம் பார்க்கப்போகிற பக்குவக்காரர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். கடையில் அவர் கெட்டிக்காரர். தலைவலி என்று யாராவது வந்து நின்றால் சட்டென்று மாத்திரையைக் கிழித்துக் கொடுத்துவிட மாட்டார். "நெத்தியிலயா, பின்னந்தலையிலயா? குனிஞ்சா வலிக்குதா, நிமிர்ந்தா வலிக்குதா?" என்று குடைந்து குடைந்து கேட்டு, "இது மாத்திரையில போற வலி இல்ல, போய்க் கண்ணைக் காட்டுங்க" என்று அனுப்பிவைப்பார். பத்தில் எட்டு சரியாகவே இருக்கும். ஆனால் கடையை விட்டு இறங்கித் தன்னுடைய காரில் ஏறினாரோ இல்லையோ, அந்த மூளையைக் கடைக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்தவர் மாதிரி ஆகிவிடுவார்.

காருக்கு வயது பதினேழு. எஞ்சின் நன்றாக இருக்கிறது, பிரேக் நன்றாக இருக்கிறது. ஓட்டுகிறவர் பக்கத்து ஜன்னல் கண்ணாடி மட்டும் மூன்று வருடமாக ஸ்விட்சின் பேச்சைக் கேட்பதில்லை. முதலில் எப்போதாவது முரண்டு பிடித்தது. பிறகு எப்போதாவதுதான் இறங்கியது. நம்மவர் நோயை ஆராயத் தொடங்கினார். "மோட்டாருக்கு வயசாயிடுச்சு" என்றார். வயதான மோட்டார் செவ்வாய்க்கிழமை மட்டும் எப்படி வேலை செய்தது என்று மனைவி கேட்டார். "அன்னிக்குக் குளிர் இல்ல." நேற்று மத்தியானமும் குளிர் இல்லையே? "நேத்து வெயில்ல ரப்பர் ஒட்டிக்கிச்சு." ரப்பர்தான் என்று முடிவானதும் கண்ணாடி ஓரமெல்லாம் முகப்பவுடரைக் கொட்டினார். ஒரு வாரம் வண்டி குளிப்பாட்டிய குழந்தை மாதிரி மணத்தது, அவருடைய வலது கைச் சட்டை வெள்ளை அடித்தது, கண்ணாடி அசையவில்லை. அடுத்து ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார். கண்ணாடி இறங்கவில்லை, கூடவே ஹாரனும் போயிற்று. ஸ்விட்சைக் கழற்றி ஊதினார். புது ஸ்விட்ச் மாட்டினார். ஒவ்வொரு முறையும் "இப்பப் புடிச்சிட்டேன்!" என்று ஒரு சத்தம் போடுவார். என்னத்தைப் பிடித்தார் என்று அந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை.

எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோகலாமே? அதைச் சொன்னவர் அன்றைக்கு அவருக்கு எதிரி. "அவன் கதவைப் பிரிப்பான். பிரிச்ச கதவு பழையபடி சேருமா? நம்ம வண்டியைப் பத்தி நமக்குத் தெரியாததா அவனுக்குத் தெரியப்போகுது?"

இப்படி இருக்கும்போது ஒரு நாள் பெட்ரோல் பங்கில் இறங்குவதற்காகக் கதவைக் கொஞ்சம் திறந்தார். முழங்கை ஸ்விட்சில் பட்டது. கண்ணாடி சரசரவென்று இறங்கியது! அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்த வாரம் முழுக்க வாசலில் ஆராய்ச்சி நடந்தது. கதவை மூடினால் இறங்காது. விரியத் திறந்தால் இறங்காது. ஒரு சாண் திறந்து ஸ்விட்சை அழுத்தினால் இறங்கும், ஏறும், என்ன சொன்னாலும் கேட்கும். இதற்கு அவரே ஒரு விளக்கமும் கண்டுபிடித்தார்: "மூடி வச்சா உள்ள காத்து அடைச்சுக்குது. கண்ணாடிக்கு மூச்சு முட்டுது." கதவை விரியத் திறந்தால் ஏன் மூச்சு முட்டுகிறது என்று கேட்க அந்த வீட்டில் யாருக்கும் தெம்பு இல்லை.

பக்குவம் கிடைத்துவிட்டது. இனி நோயைப் பற்றி என்ன கவலை? பக்குவக்காரர்களின் வாழ்க்கையில் இதுதான் பொன்னான கட்டம். வண்டியில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் ஒரு சாணைக் கையால் அளந்து காட்டினார். வண்டி நிறுத்துமிடத்தின் வாசலில் சீட்டு வாங்கக் கதவை ஒரு சாண் திறப்பார். சண்டைக்குத்தான் இறங்குகிறார் என்று நினைத்துச் சீட்டுக் கொடுப்பவர் இரண்டடி பின்னால் போவார். வண்டியை ஒரு நாள் இரவல் வாங்கிப்போன மச்சினர் சாவியைத் திருப்பித் தரும்போது, "மாமா, இதை ஓட்ட லைசென்ஸ் மட்டும் போதாது, உபதேசமும் வாங்கணும்" என்றார். நம்மவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள். பிசியோதெரபி படித்துவிட்டு, ஒன்றரை வருடம் வேலை தேடி அலைந்தவள். கடைசியில் ஒரு நிறுவனம் கூப்பிட்டது: நடக்க முடியாத நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலை. ஒரே நிபந்தனைதான். ஒன்றாம் தேதி வேலையில் சேரும்போது கையில் ஓட்டுநர் உரிமம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். பெண் இந்த வண்டியிலேயே ஓட்டப் பழகினாள். கியர், கிளட்சோடு சேர்த்து ஒரு சாணும் அவளுக்குப் பாடமாயிற்று.

"அப்பா, டெஸ்ட்டுக்கு முன்னாடி இதை ஒரு தடவை யார்கிட்டயாவது காட்டிடலாம்பா."

"எதுக்கும்மா? உனக்குத்தான் கை பழகிடுச்சே!"

கை பழகித்தான் இருந்தது. பெண் புத்திசாலி, சோதனை நாளன்று காலையிலேயே கண்ணாடியை இறக்கிவிட்டு, அதை அப்படியே விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் கையெழுத்துப் போட அலுவலகத்துக்குள் போனாள். காற்று அடித்தது. புழுதி பறந்தது. அதிகாரி வந்து உட்காரப்போகிற இருக்கையில் தூசி படிந்தால் பெண்ணுக்கு மதிப்பெண் குறையுமே என்று நம்மவருக்குப் பாசம் பொங்கியது. கதவை ஒரு சாண் திறந்தார். கண்ணாடியை ஏற்றினார். கைக்குட்டையால் இருக்கையையும் தட்டிவிட்டார். பெண் திரும்பி வந்தபோது அதிகாரி ஏற்கெனவே வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார். அவளும் அவசரத்தில் கண்ணாடியைக் கவனிக்காமல் ஏறி உட்கார்ந்தாள்.

நம்மவர் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி கிளம்பியது, அழகாகக் கியர் மாறியது, வளைவை நெருங்கியது. அந்த வளைவில் எல்லாரையும் ஜன்னல் வழியே கையை நீட்டி சைகை காட்டச் சொல்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஓடுகிற வண்டியின் கதவு மெல்லத் திறந்தது. எவ்வளவு திறந்தது என்று இத்தனை தூரத்திலிருந்து வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்த ஒரு சாணை அவரைவிட நன்றாக அடையாளம் காணக்கூடியவர் உலகத்தில் யார்?

கண்ணாடி அன்றைக்கென்று பார்த்து ஒரு சிணுங்கல்கூட இல்லாமல் இறங்கியது. வண்டிக்குள்ளிருந்து அதிகாரி போட்ட சத்தம் வேலிவரை கேட்டது.

"ஓடுற வண்டியில கதவைத் திறக்கிறியா? நிறுத்தும்மா! முதல்ல வண்டியை நிறுத்து!"

"இல்ல சார், இதுக்கு ஒரு பக்குவம்..."

அவ்வளவுதான். அடுத்த சோதனைக்குத் தேதி கொடுத்தார்கள். அது பதினோராம் தேதி.

பெண் அப்பாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். வழியெல்லாம் தன் பக்கத்து ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். "அடுத்த தடவை கண்ணாடியை..." என்று அவர் ஆரம்பித்தபோது, "அப்பா, வேண்டாம்பா" என்றாள். குரல் உடைந்திருந்தது. மூன்று வருடத்தில் முதல் முறையாக அந்த வண்டியைப் பற்றி வகுப்பெடுக்காமல் அவர் வீடுவரை ஓட்டிவந்தார்.

வீட்டில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட மனைவி சத்தம் போடவில்லை. ஒரு சந்தேகம் மட்டும் கேட்டார்.

"ஏங்க, கடைக்கு ஒருத்தர் வந்து, 'நிமிர்ந்தா வலிக்குது, அதனால மூணு வருஷமா குனிஞ்சே நடக்கறேன், ரொம்ப வசதியா இருக்கு'ன்னு சொன்னா, நீங்க அவரை என்ன சொல்வீங்க?"

மறுநாள் காலை நம்மவர் கார் எலக்ட்ரீஷியனின் பட்டறை வாசலில் நின்றார். எலக்ட்ரீஷியன் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நம்மவர் மோட்டாரில் தொடங்கி, குளிர், வெயில், பவுடர், ஃபியூஸ், மூச்சு முட்டுதல் வரை சொல்லிக்கொண்டே போனார். எலக்ட்ரீஷியன் எழுந்திருக்கவேயில்லை.

"கதவை மூடினா?"

"இறங்காது."

"விரியத் திறந்தா?"

"அப்பவும் இறங்காது. ஒரு சாண் திறந்தா மட்டும் பிரமாதமா இறங்கும்."

"அப்ப ஒயர் உள்ள அறுந்திருக்கு சார். கதவு மடங்குற இடத்துல."

டீயைக் கீழே வைத்துவிட்டு வந்தார். கதவுக்கும் வண்டிக்கும் நடுவே, ஒயர்கள் போவதற்காக ஒரு ரப்பர் குழாய் இருக்கும். அதை உரித்துக் காட்டினார். பதினேழு வருடம் திறந்து மூடியதில் ஒரு ஒயர் இற்றுப்போய் இரண்டாக நின்றது. கதவு ஒரு சாண் திறந்தால் அந்த இரண்டு முனையும் தொட்டுக்கொண்டன. கூடினாலும் குறைந்தாலும் விலகிக்கொண்டன. புது ஒயர் ஒன்றை நடுவில் வைத்து ஒட்டி, குழாயை மறுபடி மாட்டி, கதவை மூடி, ஸ்விட்சை அழுத்தினார். கண்ணாடி இறங்கியது. ஏறியது. டீ இன்னும் சூடாகத்தான் இருந்தது.

"பார்க்காமலேயே எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"நான் எங்க சார் கண்டுபிடிச்சேன்? நீங்கதானே சொன்னீங்க."

"நானா? நான் இத்தனை நாளா எல்லார்கிட்டயும் இதைத்தானே சொல்லிட்டிருக்கேன்!"

"சரியாத்தான் சார் சொல்லியிருக்கீங்க. நீங்க மட்டும் கேக்கல போலிருக்கு."

நம்மவர் நேரே மகளின் நிறுவனத்துக்குப் போனார். தவறு முழுவதும் தன்னுடையது என்றும், பெண்ணுக்கு உரிமம் கிடைக்கும்வரை தானே வண்டி ஓட்டி அவளை நோயாளிகள் வீட்டுக்குக் கூட்டிப்போவதாகவும் மேலாளரிடம் சொன்னார். கதவு, சாண், கண்ணாடி என்று அவர் விவரித்ததைக் கேட்டு மேலாளர் சிரித்த சிரிப்பில் வேலை நிலைத்தது. மருந்துக்கடையை மனைவி பார்த்துக்கொண்டார். பத்து நாள் நம்மவர் வீடு வீடாகப் போய், தெருவோரம் வண்டிக்குள் காத்திருந்து, மூடிய கதவோடு கண்ணாடியை இறக்கி ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினோராம் தேதி பெண் ஜன்னல் வழியே கையை நீட்டி, ஒழுங்காகச் சைகை காட்டித் தேறிவிட்டாள்.

மறுநாள் அவள் முதன்முறையாகத் தனியாகக் கிளம்பினாள். நம்மவர் வழியனுப்ப ஓடி வந்து ஜன்னலருகே குனிந்தார்.

"அம்மா, ரெண்டாவது கியர் சில நேரம் விழாது. அது ஒண்ணுமில்ல, அதுக்கு ஒரு..."

பெண் சிரித்துக்கொண்டே ஸ்விட்சை அழுத்தினாள். மூடிய கதவில் கண்ணாடி சத்தமில்லாமல் ஏறி, அவர் வாக்கியத்தை வெளியே விட்டுவிட்டு நின்றது.

நீங்கள் இந்தக் கட்சியில் இல்லை என்கிறீர்கள். சந்தோஷம். ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் வீட்டுக் குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட, புதிதாக வந்தவருக்கு நீங்கள் எத்தனை வாக்கியம் சொல்ல வேண்டியிருக்கிறது? ஒன்றுக்கு மேல் போகிறதென்றால், அடுத்த விருந்தாளியிடம் அதைச் சொல்லும்போது, பக்கத்தில் நின்று நீங்களும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.