அம்மா பேரை வைக்கப் போனேன்

சத்தியம். சிராங்கூன் சாலைப் பெருமாள் மேல் ஆணை. இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் நாளை முதல் நான் குடிக்கும் தே தாரிக் டீ கசக்கட்டும்.

பேத்தி பிறந்தாள். "கிளாசிக்கா ஒரு பழைய பேர் வேணும்ப்பா. நீங்களும் அம்மாவும் பேசி முடிவு பண்ணுங்க," என்றான் மகன் ராஜீவ். பேச என்ன இருக்கிறது? என் அம்மா பெயர்தான். பாக்கியலட்சுமி! அக்காவுக்கு வாக்கே கொடுத்துவிட்டேன்.

என் மனைவி சரஸ்வதி சண்டைக்கு வருவாள் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனேன்.

"தாராளமா வைங்க," என்றாள்.

அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை, ஃபேரர் பார்க்கில் எங்கள் வீட்டில் குழந்தை அழுதது. அந்தச் சத்தத்தில் எல்லைக்கு அப்பால் ஜொகூர் சோதனைச் சாவடியில் லாரிகள் தானாக நின்றுவிட்டன. மருமகளுக்குப் பச்சை உடம்பு, தூங்குகிறாள். சரஸ்வதி சோபாவை விட்டு அசையவில்லை.

"குளிப்பாட்டலையா?"

"காலை நீட்டி, அது மேல போட்டுத்தானே குளிப்பாட்டணும்? மாமியாரை மருமக கால்ல போடுறதா? பாவம் லா!"

"பேரே இன்னும் வைக்கலையே!"

"மனசுல வெச்சாச்சுல்ல?"

"சரி, பேர் சொல்லிக் கொஞ்சவாவது கொஞ்சு."

"மாமியார் பேரை நான் என்னைக்கு வாயால சொல்லியிருக்கேன்?"

உண்மைதான். பூஜையறையில் இருக்கும் லட்சுமி படத்தையே 'பெருமாள் வீட்டுக்காரம்மா' என்று சொல்கிறவள் அவள்.

"அப்ப பாம்பர்ஸ்?"

"பெத்த தாய்க்கு மகன் செய்யற கடமைங்க அது."

செய்தேன். பெயர் சூட்டும் நாள் வரை செய்தேன். நிமிர்ந்து நின்ற முதுகு கேள்விக்குறியானது. அப்போதுதான் மூளை விழித்தது. சரஸ்வதியின் அம்மா பெயர் விசாலாட்சி. அதுவும் பழைய பெயர், நல்ல பெயர். சொந்த அம்மா பெயரைச் சொல்ல அவளுக்கு என்ன தடை? அதை வைத்துவிட்டால் வேலையெல்லாம் அவள் தலையில்!

அன்றைக்கு வீடு நிறைய உறவு. அக்கா, அம்மாவின் பழைய சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு கண்கலங்க நிற்கிறாள். நான் குழந்தையின் காதருகே குனிந்தேன்.

"விசாலாட்சி, விசாலாட்சி, விசாலாட்சி."

சங்கிலி அக்காவின் கைப்பைக்குள் திரும்பிப் போனது.

"பெத்தவளை விட்டுட்டு மாமியார் பேரா? பொண்டாட்டி சொல்லிக் கொடுத்தாளாடா?"

"நான் ஒண்ணுமே சொல்லலை அண்ணி! தாராளமா வைங்கன்னுதான் சொன்னேன்," என்று சரஸ்வதி கண்ணைத் துடைத்தாள். அத்தனையும் உண்மை. நான் நுழைந்துகொள்ளத் தரையில் ஒரு ஓட்டைகூட இல்லை.

போகட்டும், வேலையாவது மிச்சம் என்று தேற்றிக்கொண்டேன். எல்லோரும் போனதும் குழந்தை அழுதது.

"சரசு, இனி உன் பாடு!"

அவள் காலை நன்றாக மடக்கிக்கொண்டாள்.

"பெத்த தாயைக் கால்ல போடுவாங்களாங்க? மருமகனுக்குத்தான் அந்தத் தோஷம் கிடையாது. சீக்கிரம் வாங்க, எங்கம்மா ஈரத்துல கிடக்கறாங்க."

தண்ணீர் சுடவைத்திருக்கிறேன், போக வேண்டும். இதை நான் சொன்னதாக யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். கேட்டால், எம்ஆர்டி ரயிலில் யாரோ கிழவன் உளறினான் என்று சொல்லுங்கள். அக்கா கேட்டால், அதைக்கூடச் சொல்லாதீர்கள்.