டோன் சாரின் முக்காலி

கிடார் வாசிப்பவர்கள் உலகத்தில் எத்தனையோ லட்சம் பேர் இருக்கலாம். காலால் மிதிப்பதற்கென்றே செய்த கிடார் பெடலை மிதிக்க மாட்டேன் என்று அடம்பிடித்து, அதை முக்காலியில் ஏற்றி, மனைவியின் விரலால் அழுத்தச் செய்தவர் எங்கள் டோன் சார் ஒருவர்தான். இதை எங்கே வேண்டுமானாலும் எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

தென்னூரில் எங்கள் அடுக்ககத்தின் தரைத்தளத்தில் அவர் வீடு. நேர் மேலே நாங்கள். பாய்லர் தகடுகளை அடித்து வளைக்கும் பட்டறை ஒன்றில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடற்குழுவில் கிடார் வாசிப்பார். அவருடைய மனைவி மேரி டீச்சர், கணக்கு ஆசிரியையாக இருந்தவர். டீச்சர் போய் இந்த மழைக்காலத்தோடு ஒரு வருடம் முடிந்துவிட்டது. அதனால்தான் இதை இப்போது எழுதுகிறேன்.

டோன் சார் என்று அவருக்குப் பெயர் வரக் காரணம், அவர் எதற்கும் டோன் பார்ப்பார் என்பதுதான். என் மனைவி கொடுத்தனுப்பிய வத்தக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "கீழ பேஸ் நல்லா இருக்குங்க. மேல கொஞ்சம் ட்ரெபிள் வேணும்" என்று சொல்லி அனுப்பினார். என் மனைவி அரை நாள் யோசித்து, அடுத்த முறை மிளகாயைக் கூட்டினாள். "இப்ப டோன் வந்துருச்சு" என்ற செய்தியோடு பாத்திரம் திரும்பி வந்தது. எங்கள் லிஃப்ட்டுக்கு டோன் இல்லை என்பது அவருடைய நெடுநாள் வருத்தம்.

முன்பு அவரிடம் பீரோ உயரத்துக்கு ஓர் ஆம்ப்ளிஃபையர் இருந்தது. அதைப் போட்டால் எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர்கள் அலமாரியில் தானாக நடக்கும். குடியிருப்போர் எல்லோரும் சேர்ந்து கெஞ்சிய பிறகு அதைக் கொடுத்துவிட்டு, டிஜிட்டல் பெட்டி ஒன்றை வரவழைத்தார். உலகத்தில் உள்ள பெரிய பெரிய ஆம்ப்ளிஃபையர்களின் ஒலியை எல்லாம் கணக்காக மாற்றி அதற்குள் அடைத்திருக்கிறார்களாம். கல்யாணச் சாப்பாட்டுத் தட்டு அளவுதான் இருக்கும். மேலே மிதிக்க எட்டுப் பொத்தான்கள், திருகச் சில குமிழ்கள், எண் காட்ட ஒரு சின்னத் திரை. கிடாரை இதில் செருகி, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டால் அக்கம்பக்கத்துக்கு நிம்மதி என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அவர் ஹெட்ஃபோனை மாட்டவில்லை. "காத்துல கலந்தாத்தான் சார் டோன்" என்று சொல்லிவிட்டார்.

உள்ளே நூற்றுக்கணக்கில் ஒலிகள். எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்காமல் பாட்டு வாசிப்பதில்லை என்று முடிவு செய்தார். பல வாரங்கள் எங்கள் அடுக்ககம் கேட்டது ஒரே ஒரு சுரம்தான். டொய்ங். சற்று நேரம் மௌனம். மறுபடி டொய்ங். பால்காரர் என்னிடம் தணிந்த குரலில், "கீழ் வீட்ல ஏதாச்சும் ரிப்பேருங்களா?" என்று கேட்டார்.

ஒயர்களை ஒழுங்கு செய்யப் போய்த்தான் எனக்கு அந்த வீட்டோடு நெருக்கம் ஏற்பட்டது. என் வீட்டில் சார்ஜர்களுக்குக்கூடப் பெயர் ஒட்டியிருக்கும். அவர் வீட்டுக் கூடத்தில் ஒயர்கள் இடியாப்பம் போலக் கிடந்ததைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளே போய், ஒவ்வொன்றையும் பிரித்து, எங்கிருந்து எங்கே போகிறது என்று சீட்டு ஒட்டி, வளையமாகச் சுருட்டிக் கட்டிவைத்தேன். டீச்சர் காபி கொண்டுவந்து, "இவ்வளவு வேகமா சுத்துறீங்களே சார், என் கிளாஸ்ல நீங்க இருந்திருந்தா மானிட்டராக்கியிருப்பேன்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அன்றுதான் மிதிக்கும் விவகாரம் வெளியே வந்தது. பெட்டியின் அட்டையில் ஒரு படம். பூட்ஸ் போட்ட கால் ஒன்று பொத்தானை மிதித்துக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா சார் அநியாயத்த? வாத்தியத்த பூட்ஸ் காலோட மிதிக்கிறான்" என்றார் டோன் சார்.

"மிதிக்கத்தானே சார் பண்ணியிருக்கான்?"

"ஸ்ரீரங்கத்துல உங்க பெரியப்பா வீட்ல வீணை இருக்குன்னீங்களே. மிதிப்பீங்களா?"

நான் அடுத்த ஒயரை எடுத்துச் சுருட்டினேன்.

பெட்டி முக்காலிக்குப் போனது. ஆனால் கிடாருக்கு இரண்டு கையும் வேண்டும். பொத்தானை அழுத்த மூன்றாவது கைக்கு எங்கே போவது?

"மேரி!"

"என்னங்க?" சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"வந்து நாலாம் நம்பர அமுக்கு."

"மீன் வறுக்கிறேங்க."

"ஒரு அமுக்குதான்."

"கை கழுவிட்டு வரேன்."

"கழுவறதுக்குள்ள பாட்டே முடிஞ்சிரும். அப்படியே வா."

டீச்சர் வந்து, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு அழுத்தினார். நான்காம் பொத்தானின் ஓரத்தில் அன்று பட்ட மஞ்சள் கறை இன்னும் இருக்கிறது. அன்றிலிருந்து முக்காலிக்குப் பக்கத்தில் டீச்சருக்கு ஒரு நாற்காலி போடப்பட்டது. அவர் தலையை ஆட்டினால் டீச்சர் அழுத்துவார். ஆட்டாமல் இருந்தால் வெங்காயம் உரிப்பார்.

அந்தப் பெட்டிக்கு அவ்வப்போது புது மென்பொருள் ஏற்ற வேண்டும். ஏற்றும்போது மின்சாரம் போனால் பெட்டி வெறும் தட்டுதான் என்று எங்கோ படித்துவிட்டார். வீடு வீடாக ஏறி இறங்கினார். "பதினோரு மணிக்கு அப்டேட் போடறேங்க. யாரும் மோட்டார் போடாதீங்க. கிரைண்டர் வேணாம். தயவுசெஞ்சு லிஃப்ட்ல போகாதீங்க." பிரசவ வார்டு வாசல் போல அவர் வீட்டு வாசலில் நாங்கள் நின்றோம். டீச்சர் ஜெபமாலை உருட்டினார். நான் என் பங்குக்கு ரங்கநாதரைக் கூப்பிட்டேன். திரையில் கோடு மெல்ல மெல்ல நகர்ந்து முடிந்ததும் டோன் சார் வெளியே வந்து, "நல்லபடியா ஆச்சுங்க" என்றார். மூன்றாம் மாடிக்காரர் கை கொடுத்தார்.

பெரியப்பாவின் சதாபிஷேகத்துக்கு ஸ்ரீரங்கத்தில் வாசிக்க டோன் சாரை அழைத்திருந்தேன். மண்டபத்தில் கிடாரைச் செருகியதும் ஸ்பீக்கரில் வண்டு போல ஓர் இரைச்சல். டோன் சார் அதை மோப்பம் பிடித்துக்கொண்டே போய்ச் சமையல்கட்டில் ஓடிய கிரைண்டரை அணைத்துவிட்டார். "வடைக்கு அரைக்கறதா வேண்டாமா?" என்று பரிசாரகர் கரண்டியோடு வந்தார். "வடை வெயிட் பண்ணும்ங்க, டோன் பண்ணாது" என்றார் இவர். இரண்டு பாட்டுக்கு வடை காத்திருந்தது.

பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். "ஏண்டா, அவன் வாசிக்கறான், சரி. அந்த அம்மா எதுக்குப் பக்கத்துல உக்காந்து அமுக்கிண்டே இருக்கா?"

"அத கால்லதான் அமுக்கணும் பெரியப்பா. வாத்தியத்துல கால் படக் கூடாதுங்கறார்."

பெரியப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு டீச்சரைப் பார்த்தார். "பேஷ்! அந்த அம்மாவுக்கு ரெண்டு ஜாங்கிரி கூட வைக்கச் சொல்லு" என்றார்.

டீச்சர் தவறே செய்ததில்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பலியில், ஃபாதர் அப்பம் வழங்கும்போது வரும் நற்கருணைப் பாட்டில், நாலுக்குப் பதில் ஏழாம் நம்பரை அழுத்திவிட்டார். ஏழு என்பது இடியும் மின்னலும் சேர்ந்த ஒலி. ஃபாதரின் கை அப்படியே நின்றது. முன்வரிசையில் ஒரு குழந்தை அலறியது. வெளியே வந்ததும் டோன் சார் சிடுசிடுத்தார். "கணக்கு டீச்சருக்கு நாலு எது ஏழு எதுன்னு தெரியாதா?"

"மூணுதான வித்தியாசம்? விடுங்க" என்றார் டீச்சர். இருவரும் சிரித்துக்கொண்டே ஸ்கூட்டரில் ஏறிப் போனார்கள்.

இனிமேல்தான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

கிறிஸ்துமஸ் ஒத்திகை ஒன்றில் நான் பக்கத்தில் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"ட்ரெபிள் ஏத்து மேரி."

டீச்சர் ஒலியைக் கூர்மையாக்கும் குமிழின் மேல் விரலை வைத்தார். திருகவில்லை. "ஏத்திட்டேங்க."

"இன்னும் கொஞ்சம்."

"ஏத்திட்டேங்க."

"ஆங். இப்ப சரி."

திரை டீச்சர் பக்கம் திரும்பியிருந்தது. அதில் ஐந்து என்ற எண் அசையவே இல்லை. நான் பார்த்துவிட்டதை டீச்சரும் பார்த்துவிட்டார். வாசல் வரை கூடவே வந்தார்.

"பட்டறைச் சத்தத்துல காது போயிருச்சு சார். மெல்லிசான சத்தம் எதுவும் கேக்கல. ஊசி மாதிரி வச்சாத்தான் அவருக்குக் கேக்குது. அப்படி வச்சா மத்தவங்க காது கிழியும்."

"டாக்டர்கிட்ட போகலாமே டீச்சர்."

"போனோம். காதுல மெஷின் வச்சாங்க. அதுல கிடார் தகரடப்பா மாதிரி கேக்குதாம், கழட்டிட்டார். கோயில்ல வாசிக்க வேணாம்னு யாராச்சும் சொல்லிட்டா மனுஷன் உடைஞ்சு போயிருவார் சார். நான் உக்காந்திருக்கிற வரைக்கும் அஞ்சுலயே ஓடட்டும்."

ஐந்திலேயே ஓடியது. போன வருடம் மழைக்காலத்தில் டீச்சருக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஆட்டோவில் உட்கார்ந்தபடி, "கிடார் மெஷின அணைச்சீங்களா?" என்று கேட்டார். அணைத்துவிட்டதாக டோன் சார் சொன்னார். வீட்டுக்கு டீச்சர் திரும்பி வரவில்லை.

அதன் பிறகு கீழ் வீட்டிலிருந்து டொய்ங் கூட வரவில்லை. தொந்தரவு என்று ஒருகாலத்தில் கையெழுத்து வாங்கக் கிளம்பிய மூன்றாம் மாடிக்காரர், "ஒரு சத்தமும் இல்லையே சார்" என்று என்னிடம் வந்து நின்றார்.

ஈஸ்டருக்கு டோன் சார் மறுபடி கிடாரைத் தூக்கிக்கொண்டு போனார். முக்காலியைத் தன் பக்கம் இழுத்துவைத்து, ஒவ்வொரு முறையும் தந்தியிலிருந்து கையை எடுத்துத் தானே அழுத்தினார். அழுத்தும்போதெல்லாம் பாட்டில் ஒரு பள்ளம் விழுந்தது. குமிழை ஒன்பதுக்குத் திருகியிருந்தார். கரும்பலகையில் ஆணியால் கீறியது போன்ற ஒலி. பாடற்குழுப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவர் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்ததால் அதைப் பார்க்கவில்லை. பிறகு ஃபாதர் அவர் தோளில் கை வைத்து, "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்களேன் மாஸ்டர்" என்றார்.

டோன் சார் சரி என்றார். ஒன்றே ஒன்று கேட்டார். டீச்சரின் முதலாண்டு நினைவுத் திருப்பலியில் அந்த நற்கருணைப் பாட்டை மட்டும் வாசிக்க வேண்டும். ஃபாதர் பார்க்கலாம் என்றார். நினைவு நாள் நெருங்கியபோது ஃபாதர் என்னிடம் வந்தார். "நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க சார். மனசு நோகாம. ஈஸ்டர் மாதிரி ஆயிட்டா அவருக்குத்தான் அசிங்கம்."

சொல்லத்தான் கீழே போனேன். கதவு திறந்திருந்தது. கூடத்தின் நடுவில் பெட்டியைத் தரையில் வைத்து, கிடாரை மாட்டிக்கொண்டு, செருப்பில்லாத வலது காலை அதற்கு மேலே தூக்கியபடி நின்றிருந்தார் டோன் சார். கால் அந்தரத்திலேயே நின்றது. பிறகு அதைப் பக்கத்தில் தரையில் வைத்தார். மறுபடி தூக்கினார். மறுபடி வைத்தார். என்னைப் பார்த்ததும் கிடாரைக் கழற்றினார்.

"முடியல சார்."

"வாத்தியம்தானே சார். தொட்டுக் கும்பிட்டுட்டு மிதிங்க. தப்பில்ல."

"வாத்தியம்னு இல்ல சார் இப்ப." நான்காம் பொத்தானின் ஓரத்து மஞ்சள் கறையைக் காட்டினார். "மேரி கை வச்ச இடம்."

ஃபாதர் சொல்லி அனுப்பியதை நான் சொல்லவில்லை. "நான் அமுக்கறேன் சார்" என்றேன்.

"உங்களுக்கு மியூசிக் தெரியாதே."

"நம்பர் தெரியும். நீங்க தலைய ஆட்டுங்க, போதும்."

ஃபாதரிடம் நானே போய், சத்தத்துக்கு நான் பொறுப்பு என்று சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார்.

நினைவு நாளன்று தேவாலயத்தில் பாடற்குழு நிற்கும் மாடத்தில், முக்காலிக்குப் பக்கத்தில் டீச்சரின் நாற்காலியில் உட்கார்ந்தேன். பெட்டியைப் போட்டதும் முதல் வேலையாக ஒன்பதை ஐந்தாக்கினேன். கீழே ஜனங்கள் வந்துகொண்டிருந்தார்கள். டோன் சார் ஒரு தந்தியை மெல்லத் தட்டினார்.

"ட்ரெபிள் ஏத்துங்க சார்."

குமிழின் மேல் விரலை வைத்தேன். திருகவில்லை. "ஏத்திட்டேன் சார்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "மேரியும் இப்படித்தான் சொல்லுவா."

நான் குமிழிலிருந்து விரலை எடுத்தேன்.

"மெஷின அணைக்கிறது எப்பவும் நான்தான சார். அணைக்கப் போனா அஞ்சுன்னு எரிஞ்சிட்டிருக்கும். காதுதான் போச்சு, கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் ஈஸ்டர்ல ஏன் சார் ஒம்பது வச்சீங்க?"

"அவ ஏத்திட்டேன்னு சொன்னா, இதுக்கு மேல வேணாம்னு அர்த்தம். சொல்ல ஆள் இல்லாதப்ப எங்க நிறுத்தறதுன்னு தெரியல சார்."

மணி அடித்தது. பாட்டு வந்தது. அவர் தலையை ஆட்டினார். ஏழாம் நம்பரைத் தாண்டி, மஞ்சள் கறையைப் பார்த்து, நாலை அழுத்தினேன். யாரும் காதைப் பொத்தவில்லை. ஃபாதர் ஒருமுறை மாடத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். பாட்டு முடியும் வரை டோன் சார் கண்ணைத் திறக்கவில்லை. தனக்குப் பாதிதான் கேட்கும் ஒரு பாட்டை அவர் முழுதாக வாசித்தார்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு அங்கேதான் வேலை. டோன் என்றால் என்னவென்று இன்னும் தெரியாது. திருப்பலி முடிந்ததும் பெட்டியை அவரே அணைக்கிறார். அணைப்பதற்கு முன், திரையில் எரியும் ஐந்தைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் நிற்பார். அது முடியும் வரைக்கும் நான் ஒயர்களை மெதுவாகத்தான் சுருட்டுகிறேன்.