தலைவி லோஜினிக்கு எழுபத்திரண்டு வயதான வரலாறு

திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கோதுமை ஏற்றிய மாக்கப்பல் வருவதை நாவலடிக்குடாவில் நின்று வடிவாகப் பார்க்கலாம். அந்தப் பெரிய கப்பல் ஏழு கடல் தாண்டி வந்து கரையைப் பிடித்துவிடும். நாவலடிக்குடாவில் ஒரு நாலு வயதுப் பிள்ளை முன்பள்ளிக்குப் போய்ச் சேருவது அவ்வளவு லேசான காரியம் இல்லை. நடுவில் வாய்க்கால். மதகு எப்போதோ உடைந்துபோய், அந்த இடத்தில் ஒரு பலகை கிடக்கிறது. முன்பள்ளி ஆசிரியை லோஜினி தினமும் காலையில் பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அக்கரையில் விடுவாள். மாரி தொடங்கினால் பலகைக்கு மேலால் தண்ணீர் பாயும். அதற்கு முதல் மதகு வந்தாக வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

மதகு கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. தனி ஆள் கேட்டால் அது புலம்பல். பதிவு செய்த சங்கம் கேட்டால்தான் கோரிக்கை. ஊரில் உயிரோடு இருந்த ஒரே சங்கம் இளைஞர் கழகம். அதன் தலைவர் திரு. இரத்தினசிங்கம், வயது அறுபத்து நாலு.

சிரிக்க வேண்டாம். கழகத்தின் யாப்பில், அதாவது சட்டதிட்டத்தில், எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. இளைஞர் எனப்படுபவர் முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவர். ஆனால் இடம்பெயர்ந்து முகாமில் கிடந்த வருடங்கள் வயதில் சேராது. சண்டை நடந்த வருடங்கள், சுனாமிக்குப் பிறகு தகரக் கொட்டிலில் வெந்த வருடங்கள், கொரோனாவுக்கு அடைபட்டுக் கிடந்த காலம், அவ்வளவும் கழிவு. "அனுபவிக்காத இளமை எப்பிடி முடியும்? அது இருப்பில கிடக்கு" என்பது தலைவரின் வாதம். கேட்கிறவனுக்குச் சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும். கழித்துப் பார்த்தால் அவருக்கு இப்போது முப்பத்து மூன்று நடக்கிறது. கழகத்தில் ஆக இளையவருக்கு ஐம்பத்தேழு. அவரைப் 'பொடியன்' என்று கூப்பிடுவார்கள். போன வருடம் விளையாட்டு உபகரணம் என்று அரசாங்கத்திடம் கேட்டு வாங்கியது முழங்கால் பட்டி.

லோஜினி கழகத்தில் சேரப் போனாள்.

"இரத்தினம் மாமா..."

"அண்ணை எண்டு சொல்லும். இது இளைஞர் கழகம்."

"சரி, அண்ணை. நானும் சேரவேணும். மதகுக்கு எழுதவேணும்."

"முதல்ல, நீர் என்ன கஷ்டம் கண்டனீர்? கஷ்டம் காணாத ஆளைச் சேர்க்க ஏலாது."

"சுனாமியில எங்கட வீடு போனது."

"அப்ப உமக்கு மூண்டு வயசு. கஷ்டப்பட்டது உம்மைத் தூக்கிக்கொண்டு ஓடின கொம்மா."

"பெற்றோலுக்கு ரெண்டு நாள் வரிசையில நிண்டனான்."

"நாங்கள் பசிக்குப் பாண் வாங்க நிண்ட ஆக்கள். பெற்றோலுக்கு நிக்கிறதெண்டால் மோட்டச்சைக்கிள் இருக்கவேணும். அது வசதி."

"ஏ.எல். சோதினை பாஸ் பண்ணியும் கம்பஸ் கிடைக்கேல்ல."

"சோதினை நடந்ததெல்லோ? எங்களுக்குச் சோதினையே நடக்கேல்ல."

லோஜினிக்குப் பத்திக்கொண்டு வந்தது. "அப்ப மதகு?"

"நாங்கள் பலகையும் இல்லாமல் நீந்திப் போய்ப் படிச்சனாங்கள். இப்பவே மதகைக் கட்டிக் குடுத்தால், அந்தப் பிள்ளையள் நாளைக்கு எந்தக் கஷ்டத்தைச் சொல்லி இந்தக் கழகத்தில சேருறது?"

லோஜினி எழும்பி வெளியே வந்தாள். நேரே சமூக சேவை உத்தியோகத்தர் ஜவ்பரின் கந்தோருக்குப் போனாள். ஜவ்பர் நல்ல மனிசன். சுற்றறிக்கைக்கு மாறாகத் தும்மக்கூட மாட்டார்.

"மகள், உங்கட ஊருக்கு மூத்தோர் சங்கமும் ஒண்டு இருக்கு. தலைவர், செயலாளர், உறுப்பினர், எல்லாம் வெற்றிடம்."

"ஏன் சேர்?"

"ஊரில மூத்த ஆக்களே இல்லையே. எல்லாரும் இளைஞர் கழகத்தில. நீங்க சேருங்களேன்."

"எனக்கு இருபத்து நாலு வயசு சேர்."

ஜவ்பர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "பிறந்து வளர்ந்தது எல்லாம் நாவலடிக்குடாவிலயா?"

"ஓம்."

"அது அதிகஷ்டப் பிரதேசம். அங்க ஒரு வருசம் மூண்டு வருசத்துக்குச் சமன்."

"அது வாத்திமாற்ற சேவைக்காலத்தை எண்ணுறதுக்கெல்லோ?"

"ஏன், கஷ்டம் வாத்திமாருக்கு மட்டுமா?" என்று கேட்டு, இருபத்து நாலை மூன்றால் பெருக்கி, முத்திரை குத்தினார். பிறகு கதிரையை விட்டு எழும்பி, "இருங்க அம்மா," என்றார். லோஜினிக்கு எழுபத்திரண்டு வயதாகிவிட்டது.

மதகுக் கோரிக்கையில் அன்றைக்கே கையெழுத்து வைக்க அவள் துடித்தாள். பொன்னாடை போர்த்தாத தலைவரின் கையெழுத்துச் செல்லாது என்றார் ஜவ்பர். முதியோர் தினத்தில் போர்த்தினார்கள். ஒரு ஊன்றுகோலும் ஒரு பால்மாப் பெட்டியும் கொடுத்தார்கள். மேடைக்கு ஏற இரத்தினசிங்கம் கைகொடுத்தார். யாப்பின்படி அவர் அவளுக்கு முப்பத்தொன்பது வயது இளையவர்.

சும்மா சொல்லக் கூடாது, முதுமை சுகமான சாமான். பஸ்ஸில் இடம் கிடைத்தது. வங்கியில் வரிசை இல்லை. வாயைத் திறந்தால் ஊர் கேட்டது. அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது. மூத்தோர் பாரம் தூக்கலாகாது என்று சுற்றறிக்கை சொன்னதால் பிள்ளைகளைத் தூக்குவதை விட்டாள். அதுகள் பலகையில் தாங்களே நடக்கப் பழகின.

ஜவ்பர் கோரிக்கையை வீட்டுக்கே கொண்டு வந்தார். "ஒரு சின்ன விசயம் அம்மா. மதகு வந்தால் ஊர் அதிகஷ்டப் பட்டியலில இருந்து நீங்கிரும். உங்களுக்குத் திரும்ப இருபத்து நாலுதான்."

"அப்ப தலைவர் பதவி?"

"இருபத்து நாலு வயசில ஆரம்மா உங்களை மதிப்பாங்க?"

"வச்சிட்டுப் போங்கோ," என்றாள் லோஜினி. "படிச்சுப் பாக்கிறன்."

அரைப் பக்கக் கோரிக்கையை அவள் படித்துக்கொண்டே இருந்தாள். மாரி வந்துவிட்டது.

பொதுநோக்கு மண்டபத்தில் மூத்தோர் கூட்டம். உறுப்பினர் வேறு யாரும் இல்லாததால் தலைவி மட்டும் பொன்னாடை போர்த்தி, கோரிக்கையை முன்னால் வைத்துக்கொண்டு சமூகமளித்திருந்தாள். இரத்தினசிங்கம் தொப்பலாக நனைந்து ஓடி வந்தார். கையில் ஒற்றைச் சின்னச் செருப்பு.

"பிள்ளை, என்ர பேத்தி வாய்க்காலுக்க விழுந்திட்டாள்! நல்ல காலம், பொடியன் குதிச்சுத் தூக்கிப்போட்டான். அவனுக்கும் இடுப்புப் பிடிச்சுப்போச்சு." அவருக்கு மூச்சு வாங்கியது. "எனக்கு அறுபத்து நாலு வயசு, பிள்ளை. நான் இளைஞரும் இல்லை, ஒண்டும் இல்லை. நான் சொன்ன கதையெல்லாம் பிழை. கையெழுத்தை வை."

அந்தக் குழந்தையை லோஜினி எத்தனை நாள் இடுப்பில் வைத்துக் கடந்திருக்கிறாள்! கை தானாகப் பேனையை எடுத்தது. எடுத்த வேகத்தில் தோளிலிருந்து பொன்னாடை வழுக்கியது. பேனையை வைத்துவிட்டுப் பொன்னாடையைச் சரிசெய்தாள்.

"தம்பி, அந்தக் காலத்தில நாங்கள் பிள்ளையளைக் கையில தூக்கிக்கொண்டு கடந்தனாங்கள். இப்பத்தைய இளைஞருக்கு உடம்பு வளையாது. எல்லாத்துக்கும் மதகு வேணும்."

அந்தக் காலம் என்று அவள் சொன்னது போன மாதத்தை. இரத்தினசிங்கம் முப்பது வருடமாகச் சொல்லிவந்த கதை அது.

"மாரி முடியட்டும், பாப்பம்," என்று கூட்டத்தை முடித்துவைத்தாள் தலைவி.

வெளியே மழை அடித்து ஊற்றியது. லோஜினி வீட்டுக்குப் போகக் கடக்கவேண்டிய வாய்க்காலில் பலகை தெரியவில்லை. மூத்தோரைப் பத்திரமாகக் கடத்திவிடுவது இளைஞர் கழகத்தின் கடமை என்று யாப்பில் இருக்கிறது, எழுதியவரும் இரத்தினசிங்கம்தான். அவர் ஒரு கையைப் பிடிக்க, பொடியன் இடுப்பைப் பிடித்துக்கொண்டே மற்றக் கையைப் பிடிக்க, லோஜினி ஊன்றுகோலால் தண்ணீருக்குள் பலகையைத் தேடித் தேடிக் கால் வைத்தாள்.

"மெதுவா, தம்பிமார்," என்றாள் நடு வாய்க்காலில். "வயசு போன மனிசியை விழுத்திப்போடாதேங்கோ."