மெக்சிக்கோக் கவிதைக்குக் குரோருட் ஆற்றிய தொண்டு

நவீன மெக்சிக்கோக் கவிதையை முழுமையாக விளங்கிக்கொண்ட இடம் உலகில் ஒன்றே ஒன்று. அது மெக்சிக்கோ அல்ல. ஒஸ்லோவின் குரோருட்டில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கூட்ட மண்டபம். எங்கள் இலக்கிய மன்றம் 2006 மார்கழியில் அங்கே கூடியது. செயலாளர் என்ற முறையில் நானே சாட்சி.

முதியோர் இல்லத் தாதி அருள்நாயகி ஸ்பானிய மொழி படித்து, இரண்டு மெக்சிக்கோக் கவிஞர்களைத் தமிழாக்கியிருந்தார். ஒருவர் மதுக்கடையில் ஒரே மூச்சில் எழுதித் திரும்பிப் பாராதவர். மற்றவர் ஒரு கவிதையைப் பதினொரு வருடம் செதுக்கியவர்.

"ஒரு கவிஞருக்கு ஒண்டு வாசிச்சாக் காணும், அண்ணை. விடிய துரொண்ட்ஹெய்முக்கு வீடு மாறுறன். அங்கை ஒருத்தரையும் தெரியாது. இண்டைக்கு விட்டா இனி ஆருக்கு வாசிக்கிறது?"

"கட்டாயம், தங்கச்சி" என்று அவரை நிகழ்ச்சியின் சிகரத்தில், அதாவது கடைசியில், வைத்தேன். எட்டு மணிக்கு மண்டபத்தைப் பூட்டிவிடுவார்கள்.

முதலில், ஒரே மூச்சில் கொட்டும் 'எரிமலை' மனோபாவத்தை ஆதரித்து மன்றத்தின் மூத்த பேச்சாளர் குலேந்திரன் பேசினார். தயாரிப்பு கவிதைக்குத் துரோகம் என்பதால் தயாரிக்காமலே வந்திருந்தார். மெக்சிக்கோவில் புறப்பட்டு, யாழ்ப்பாணத்து மாம்பழம் வழியாக, தன் மூத்த மகளின் பூப்புச் சடங்கான சாமத்தியவீட்டுக்கு வந்துசேர ஒரு மணித்தியாலம் பிடித்தது. சபை மெய்மறந்தது, சிலர் கண்ணை மூடியே மறந்தனர்.

அடுத்து, செதுக்கிச் செதுக்கி எழுதும் 'உளி' மனோபாவத்துக்காகச் சென்னை மென்பொருள் பொறியாளர் சிவராமன் எழுந்தார்.

"மெக்சிகோ கவிதை ஒரு நதி." யோசித்தார். "ஸாரி, நதி வேண்டாம். ஓடை." மறுபடி யோசித்தார். "அந்த 'ஒரு'வை எடுத்துடலாமா?"

"எடுக்கிறதெண்டா எடும், இல்லாட்டிப் போய் இரும்!" என்றார் குலேந்திரன்.

"நீங்க ஒரு மணி நேரம் கொட்டினதை நான் ஒரே வரியில சொல்வேன் சார். அந்த வரிக்குத்தான் டைம் ஆகுது."

அருள்நாயகி எழுந்தார். "நீங்கள் ரெண்டுபேரும் அந்தக் கவிதையளை வாசிச்சனீங்களோ?"

"வாசிச்சா ஒரு பக்கம் சாய்ஞ்சுடுவோம் மேடம்."

"ஓம், அது சரி" என்றார் குலேந்திரன். அன்று இருவரும் ஒத்துப்போன ஒரே இடம் அது.

பிறகு பொன்னாடை. யாருக்கு முதலில் போர்த்துவது என்ற இலக்கியச் சர்ச்சை முடியும்போது மணி எட்டு. நான் நன்றியுரை கூறிக் கூட்டத்தை முறைப்படி முடித்துவைத்தேன்.

சனம் நடைவழியில் காலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தது. அருள்நாயகி வாசற்கதவை மறித்து நின்றார்.

"ஒருத்தரும் வெளிக்கிடக்கூடாது. ரெண்டே ரெண்டு."

வாசித்தார். ஒற்றைச் சப்பாத்தோடு குனிந்தவர்கள் குனிந்தபடியே நின்றார்கள். குலேந்திரன் குறுக்கே பேசவில்லை. சிவராமன் எதையும் திருத்தவில்லை. "இன்னொருக்கா வாசி, பிள்ளை" என்றார் புஷ்பராணி அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

இந்த ஒழுங்கீனத்தை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். ஆனாலும் அன்பர்கள் கலங்க வேண்டாம். கூட்டம் முடிந்தபின் நடந்தது அறிக்கையில் சேராது. பதினான்கு ஆண்டுகளில் எங்கள் இலக்கிய மன்றத்தில் ஒரு கவிதைகூட வாசிக்கப்பட்டதில்லை என்ற சாதனை அப்படியே இருக்கிறது.