பரவலாக்க மாமாவின் வெந்நீர்

நம் ஊரில் ‘பரவலாக்க மாமா’ என்றோர் இனம் புதிதாகத் தோன்றியிருக்கிறது. மயிலாப்பூரிலிருந்து மாம்பலம் வரை அடுக்குமாடிக்கு ஒருவராவது தேறுவார். அடையாளம் சுலபம். நாலு பெரிய கம்பெனிகள் கொட்டகை கொட்டகையாகக் கம்ப்யூட்டர் அடுக்கி கிரிப்டோ நாணயத்தை வாரிக்கொள்வது அநியாயம், வீட்டுக்கு வீடு மிக்சியிலும் ஃபிரிட்ஜிலும் நாணயம் எடுக்கும் ஒரு கம்ப்யூட்டர் சில்லு இருந்தால் அதிகாரம் பரவலாகிவிடும் என்று லிஃப்டில் மடக்கிச் சொல்வார். டிவி ரிமோட்டை மட்டும் வீட்டில் யாரிடமும் தரமாட்டார்.

எங்கள் குடியிருப்பின் சந்திரமௌலி, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, இந்த இனத்தில் முதல் தரம். சித்திரை வெயிலில் ஒரு கீசர் வாங்கி மாட்டினார். உள்ளே அதே சில்லு. அது கணக்குப் போடுகிற சூட்டில்தான் தண்ணீர் காயும். காய்ந்த தண்ணீர் செலவாகாவிட்டால் சில்லு நின்றுவிடும். அதாவது, நாணயம் வேண்டுமென்றால் யாராவது குளித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

யார் குளிப்பது?

மனைவி விஜயலக்ஷ்மி காலையும் மாலையும் குளித்தார். போதவில்லை. சிலிண்டர் கொண்டுவந்தவர், கூரியர்காரர், சந்தா கேட்டு வந்த சங்கச் செயலாளர் என்று படியேறிய எல்லோரிடமும் மாமா துண்டை நீட்டினார்.

“வெந்நீர் ரெடியா இருக்கு. ஒரு குளியல் போட்டுண்டு போங்கோ.”

காவலாளி தணிகாசலம் ஒருநாள் கும்பிட்டே விட்டார். “காலைலேர்ந்து குளிச்சிக்கினே கீறேன் சார். கேட்டை யாரு பாத்துக்கிறது?”

“நீ குளிக்கலப்பா. அதிகாரத்தைப் பரவலாக்கிண்டிருக்க.”

மறுநாள் விடிவதற்குள் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டி காலி. காலி வாளிகளோடு மொத்தக் குடியிருப்பும் மாமா வீட்டு வாசலில் கூடியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெட்டியோடு வெளியே வந்தார் விஜயலக்ஷ்மி.

“கோட்டூர்புரத்துக்கு, அக்கா ஆத்துக்குப் போறேன். அங்க பச்சைத் தண்ணி வரது.”

மாமாவின் முகம் வெளுத்தது. வாளிகளுக்கு அசராத மனிதர், ஈனக் குரலில் கேட்டார்: “காபி யார் போடுவா?”

“அதையும் பரவலாக்கிக்கோங்கோ.”

மதியமே எலக்ட்ரீஷியன் ஷரீஃப் வந்து கீசரைக் கழற்றினார். சாயங்காலம் மாமி திரும்பிவிட்டார். அதுவரை சேர்ந்த நாணயம் சோப்புச் செலவுக்குக்கூடத் தேறவில்லை.

சிரிக்கிறீர்களா? நல்லது. அப்படியே உங்கள் போனைக் கொஞ்சம் காட்டுங்கள். மச்சினன் சொன்னானென்று இறக்கிக்கொண்டு, தினமும் பல்கூடத் துலக்காமல் நாணயத்துக்காக ஒரு பொத்தானைத் தட்டுகிறீர்களே, அந்தச் செயலி எங்கே? இன்றைக்குத் தட்டியாயிற்றா?

தட்டிவிட்டு வாருங்கள். காத்திருக்கிறேன்.