செருப்பு மட்டும் இருக்கு

பேரன்புள்ள மி-ரே அக்காவுக்கு,

சியோலின் குளிர் உன்னையும் அத்தானையும் அதிகம் படுத்தாமல் இருக்கட்டும். இங்கே அம்மா நலம். இந்த வரியைத் திரும்பப் படித்துக்கொள். அம்மா நலம். உயிரோடு, வழக்கமான கோபத்தோடு இருக்கிறார்.

வியாழனிலிருந்து என் போனை நீ எடுப்பதில்லை. நியாயம். அதனால் சபைக் கூடத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உன் தம்பி தோ-ஹியுன். தலை நிமிராமல்.

இந்த மாதம் முழுக்க எங்கள் சபையில் இரண்டாம் வருகைக்கான ஆயத்த ஜெபம். விடியுமுன் வந்துவிட வேண்டும். ஆண்டவர் எப்போது வேண்டுமானாலும் வரலாம், ஆயத்தமானவர்களை அப்படியே மேலே எடுத்துக்கொள்வார், மற்றவர்கள் கைவிடப்படுவார்கள், யாரோடு பேச்சு இல்லையோ அவரோடு முதலில் பேசிவிடுங்கள் என்றார் போதகர் பியோன். அம்மா தரையைப் பார்த்தார். நானும். சபைக்கு வராத ஒருவரை நீ மணந்தாய், அந்தக் கல்யாணத்துக்கு அம்மா வரவில்லை, அன்றிலிருந்து வீட்டில் உன் பெயர் இல்லை. இது சபை முழுக்கத் தெரியும்.

தத்துவம் படித்துவிட்டு வேலையில்லாமல் ஊர் திரும்பியவனுக்கு இரண்டு பொறுப்புகள் கொடுத்திருந்தார்கள். மைக்கைப் பார்த்துக்கொள்வது. இளைஞர்களிடம் பேசுவது. போன ஞாயிறு பேசினேன். தலைப்பு, விழித்திருத்தல்.

வியாழன் விடியலில் தூங்கிவிட்டேன்.

தரைக்கு அடியில் சூடு ஓடிக்கொண்டிருந்தது. ஜெபிக்க நெற்றியைத் தரையில் வைத்தேன். அதுவரைதான் நினைவு. கண் விழித்தால் கூடத்தில் ஒருவரும் இல்லை, மெத்தைகள் வரிசையாகக் கிடக்கின்றன, முழங்கால் பதிந்த குழிகள்கூட இன்னும் நிமிரவில்லை, வேதாகமங்கள் திறந்தபடி, மூப்பர் மாவின் மூக்குக்கண்ணாடி தனியாக, சரி, ஜெபம் முடிந்து வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று வாசலுக்கு ஓடினால் அடுக்கில் எல்லாருடைய செருப்பும் இருக்கிறது, போதகரின் கறுப்பு ஷூ, ஓக்-சூன் அத்தையின் ரோமம் வைத்தது, குதிகால் மடங்கிய அம்மாவின் ஊதா நிற ஷூ, எல்லாம் இருக்கிறது, கால்கள்தான் இல்லை, வெளியே உறைபனி, அந்தக் குளிரில் மனிதர்கள் செருப்பை விட்டுவிட்டுப் போகக்கூடிய இடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான் அக்கா.

நம்பாமலே ஒரு மாதம் ஜெபித்தவன் நான். அந்த நிமிடம் முழுசாக நம்பினேன். நம்பியதும் ஜெபிக்கவில்லை. உனக்குப் போன் செய்தேன்.

போன் பிரசங்க மேடையருகே சார்ஜில் இருந்தது. ஒயர் காதுவரை எட்டாததால் ஸ்பீக்கரில் போட்டு மேடைமேல் வைத்தேன்.

“என்னடா இந்த நேரத்துல?”

“அக்கா! நீ இருக்கியா! அப்பாடா, நீயும் போகல!”

“எங்கடா போவேன்? குடிச்சிருக்கியா? அம்மாகிட்ட குடு.”

கொடு என்றாய். இத்தனை காலத்துக்குப் பிறகு.

“அம்மா போயிட்டாங்கக்கா. எல்லாரும் போயிட்டாங்க. செருப்பு மட்டும் இருக்கு.”

பிறகு நீ அம்மா என்று கத்தியது. அந்தக் கத்தல் காதில் விழுந்துகொண்டிருக்கும்போதும் எனக்குள் இருந்தது ஆறுதல். நீயும் கைவிடப்பட்டாய் என்பதில் ஒரு நிம்மதி. துணைக்கு ஆள் கிடைத்த நிம்மதி. மன்னிக்கச் சொல்வது இதைத்தான். மற்றதெல்லாம் வெறும் முட்டாள்தனம்.

பின்கதவு திறந்தது. முழங்கை வரை சிவந்த இரண்டு கைகள். நான் மண்டியிட்டேன்.

“தூங்கிட்டேன் ஆண்டவரே.”

“தெரியும்டா. கொறட்ட கீழ வரைக்கும் கேட்டுச்சு.”

அம்மா. கைகளில் மிளகாய் விழுது.

நடந்தது இதுதான். பனி முந்திக்கொண்டதால் முட்டைக்கோஸில் மிளகாய் தடவி சபையின் குளிர்காலக் கிம்ச்சியை அன்றே ஊறப்போட்டுவிடலாம் என்று முடிவாகியிருக்கிறது. நான் தூங்கும்போதே பின்படி வழியாக எல்லாரும் கீழே சமையலறைக்கு இறங்கிவிட்டார்கள். அங்கே போட்டுக்கொள்ள ரப்பர் செருப்புகள் உண்டு. சமைப்பவர்கள் பிரசங்கத்தைத் தவறவிடாமலிருக்க ஒலிபெருக்கியும் உண்டு. மேடை மைக்கை அணைக்க வேண்டியவன் நான். அணைக்கவில்லை, நாம் பேசியது முழுக்கக் கீழே கேட்டிருக்கிறது. என்னை எழுப்ப வந்தவர்களை, புள்ள தூங்கட்டும் என்று தடுத்தது அம்மாவாம்.

அம்மா போனருகே வந்தபோது அழைப்பு அறுந்திருந்தது. சிவந்த கைகளைத் தூக்கிப் பிடித்தபடி இருண்ட திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் உன்னைத் திரும்ப அழைத்தேன். அம்மா இருக்காங்க, கீழ கிம்ச்சி போடுறாங்க என்றேன். “ரெண்டு பேரும் நல்லா இருங்க” என்று வைத்துவிட்டாய். அது வாழ்த்து இல்லை என்று புரிந்தது.

கீழே இறங்கியதும் ஓக்-சூன் அத்தை பிடித்துக்கொண்டார்.

“வா தம்பி. பரலோகத்துல இன்னிக்கு பூண்டு உரிக்கிற வேல. ஒனக்கும் ஒரு எடம் வச்சிருக்கோம்.”

“விழிச்சிருக்கணும்னு ஞாயித்துக்கெழம பேசின தம்பிதானே?” என்றார் மூப்பர் மா, கண்ணாடி இல்லாமல் என்னை உற்றுப் பார்த்து. போதகர் முட்டைக்கோஸ் கூடைக்குப் பின்னால் குனிந்து நெடுநேரம் இருமினார்.

சிரிப்பு அடங்கியபின் ஓக்-சூன் அத்தை மெல்லச் சொன்னார், “ஒம் பொண்ணு கொரல் அப்படியேதான் இருக்கு.”

“பூண்ட நறுக்கு” என்றார் அம்மா.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு இன்றுவரை உன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் மாறமாட்டார். நீ வரவேண்டாம், வந்து இன்னொருமுறை காயப்பட வேண்டாம். முடிந்தால் நானே வந்து உன் வாசலில் தலைகுனிந்து நிற்கிறேன்.

உன் வீட்டுத் தரை என்றும் சூடாயிருக்கட்டும். அத்தானுக்கு என் வணக்கம். அந்த விடியலில் அவரையும் எழுப்பிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

முகம் காட்ட முடியாத தம்பி,
தோ-ஹியுன்

பின்குறிப்பு: உன் முகவரி எழுதிய உறையைக் கூடத்து மேசையில் வைத்துவிட்டுத் தபால்தலை வாங்கப் போனேன். திரும்பினால் கடிதம் இருக்கிறது, உறை இல்லை. கீழே ஓக்-சூன் அத்தை சொன்னார்: “ஒங்கம்மா ஒரு ஜாடி கிம்ச்சியத் தூக்கிக்கிட்டு சியோல் பஸ்ஸுக்கு ஓடிட்டாங்க தம்பி. கையில ஏதோ கவர். ரப்பர் செருப்போடயே.” அம்மாவைப் பற்றி மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. இது வந்து சேருமுன் அவர் உன் கதவைத் தட்டியிருப்பார். சந்தேகத்துக்கு வாசல் அடுக்கைப் போய்ப் பார்த்தேன். ஊதா ஷூ அங்கேயே இருக்கிறது, குதிகால் மடங்கி. இந்த முறை அம்மா உண்மையாகவே போய்விட்டார்.