துளை அடைப்புச் சட்டம்

மலைகளுக்கு நடுவே மினுக்கபுரி என்றொரு நாடு இருந்தது. புதுக் கார் வாங்க அங்கே எவருக்கும் வக்கில்லை; பாட்டன் காலத்துக் கார்கள்தான் வாடகைக்கு ஓடின. மழை வந்தால் கதவுகளிலும் அடித்தரையிலும் உள்ள துளைகள் வழியே துருத் தண்ணீர் சொட்டி, மாளிகை வீதியெல்லாம் கறையாகும். நாட்டதிபருக்கு அது மானப் பிரச்சினை. துளைகளை அடைத்து, மேலே பளபளவென்று சாயம் பூசச் சட்டம் போட்டார்.

கார்களைச் சோதித்து முத்திரை குத்தும் அதிகாரி வைத்திலிங்கம் அமைச்சரைப் பார்க்கப் போனார். "ஐயா, தண்ணி உள்ளயே தேங்கி அரிச்சிடுமே. துளைய விட்டுட்டு, உள்பக்கம் துருப்பிடிக்காம மெழுகெண்ணெய் அடிச்சாப் போதுமே," என்று இழுத்தார்.

"கண்ணுக்குத் தெரியாத துருவைப் பற்றிப் பேசுவது வதந்தி. வதந்திக்கு என்ன தண்டனை, அறிவீர் அல்லவா?" என்றார் அமைச்சர்.

அடேயப்பா, வைத்திலிங்கத்தின் வாய் எவ்வளவு சீக்கிரம் மூடிக்கொண்டது! எல்லாக் கார்களுக்கும் 'துருவற்றது' என்று முத்திரை விழுந்தது. அடுத்த மழையில் கதவுகளுக்குள் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது. ஓட்டுநர்கள் பாட்டைச் சத்தமாக வைக்க வேண்டும் என்று அதற்கும் ஓர் ஆணை வந்தது.

வைத்திலிங்கத்தின் நிறைமாத மகள் செங்கமலம் ஒருநாள் அலுவலகத்துக்கே தொலைபேசியில் அழைத்தாள். "அப்பா, பிரசவத்துக்கு அங்கயே வந்துடறேன். பஸ்ஸுல முடியாது, வாடகைக் கார்ல வர்றேன்."

"அதுல வேணாம்மா."

"ஏம்ப்பா? நீங்கதான முத்திரை குத்துனீங்க?"

எதிரே அமைச்சரின் உதவியாளர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஒண்ணுமில்லம்மா, பாத்து வா," என்றார் வைத்திலிங்கம்.

மலை வளைவில் அவள் வந்த காரின் அடித்தரை பிய்ந்து விழுந்தது. தாயும் பிழைக்கவில்லை, வயிற்றுப் பிள்ளையும் பிழைக்கவில்லை. "நாந்தான் கொன்னேன், பாவி நாந்தான்," என்று வைத்திலிங்கம் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

விசாரணைக் குழு வந்து காரைத் தடவிப் பார்த்தது. சாயத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ஆகவே கார் குற்றமற்றது, கர்ப்பிணியின் கனமே காரணம் என்று தீர்ப்பானது. அன்று முதல் கர்ப்பிணிகள் மலைப்பாதையை நடந்தே கடந்தார்கள்.

பிறகு தேர்தல் வந்தது. கார்களுக்குப் பச்சை பூசுவோம் என்றது ஆளும் கட்சி; நீலம் பூசுவோம் என்றது எதிர்க்கட்சி. வாக்குப்பதிவு நாள் காலையில் வாசலுக்கு வந்த எதிர்க்கட்சி வேட்பாளரின் கையை வைத்திலிங்கம் இறுகப் பிடித்துக்கொண்டார். "நீங்க வந்தா துளைய தொறந்து விடுவீங்களா, ஐயா?"

"அது கொள்கை முடிவு, பெரியவரே. உங்களுக்கு எந்த நிறம் பிடிக்கும், அதைச் சொல்லுங்கள்."

வைத்திலிங்கம் பிடித்திருந்த கையை விட்டார்.

"எம் பொண்ணுக்கு நீலம்னா உசுருங்க," என்று சொல்லிவிட்டு, வாக்குச்சாவடிக்குக் கிளம்பினார்.